செய்திமடலில் இடமில்லாமல் போன நேரம்

அந்தத் தொடக்கப் பள்ளி மாதம் தவறாமல் குடும்பங்களுக்கு ஒரு செய்திமடல் அனுப்பும். அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். பெரிய தாள் ஒன்றை எடுத்து, இரண்டு புறமும் அச்சடித்து, நடுவில் மடித்தால் நான்கு பக்கம். ஐந்தாவது பக்கம் வேண்டுமென்றால் இன்னொரு தாள் வேண்டும். அதற்குப் பள்ளிக்கு மனம் வராது. எழுத்தர் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்: விடுமுறை, தடுப்பூசி, தொலைந்துபோன தண்ணீர் பாட்டில்கள், வரப்போகும் விழாக்கள். முதல் பக்கம் தலைமையாசிரியைக்கு. அம்மையார் எழுத உட்கார்ந்தால் பேனா ஓயாது. அவர் உரை அடுத்த பக்கத்துக்கு வழியும். வழிந்த அளவுக்குக் கடைசிப் பக்கத்தின் அடியிலிருந்து ஏதாவது வெளியே விழும். நிரம்பிய வாளியில் கையை விட்டால் தண்ணீர் தளும்பிக் கொட்டுவது போலத்தான். பெற்றோர்கள் அவருக்கு 'முன்னுரை' என்று பெயர் வைத்திருந்ததில் வியப்பில்லை.

இந்த மாதம் முன்னுரை, குழந்தையின் மனம் ஒரு பூந்தோட்டம் என்று ஆரம்பித்தார். பள்ளித் தோட்டத்தில் தாம் நிற்கும் படங்களையும் சேர்த்தார், இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, ரோஜாவை முகர்ந்தபடி ஒன்று. வெளியே விழுந்தது ஒரே வரி. வழக்கமாக மதியம் இரண்டு மணிக்கு நடக்கும் ஆண்டு விழா, சிறப்பு விருந்தினரின் வசதிக்காகக் காலை பத்து மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்ற வரி. "வெள்ளிக்கிழமை ஆண்டு விழா, அனைவரும் வருக" என்பது மட்டும் தப்பிப் பிழைத்தது.

பெற்றோர்களில் பேருந்து ஓட்டும் ஓர் அம்மாவுக்கு இது பெரிய சங்கடம். வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு விழாவுக்கு ஓட முடியாது. முன்கூட்டியே யாரிடமாவது டூட்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். போன வருடம் டயர் வெடித்து, அவள் வந்து சேர்வதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் இந்த வருடம் நாடகத்தில் மேகம். "நீ வரலைன்னா அப்புறம் உன்கிட்ட எதையுமே சொல்ல மாட்டேன்" என்று ஆணி அடித்த மாதிரி சொல்லிவிட்டது அது. அம்மா பள்ளிக்குப் போன் செய்தாள்.

"விழா எத்தனை மணிக்குங்க?"

"எல்லாம் மடல்ல இருக்கும்மா" என்றார் எழுத்தர்.

"மடல் கையிலதான் இருக்கு. நேரத்தைத்தான் காணோம்."

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "மடல்ல இல்லாத எதையும் வாயால சொல்லக் கூடாதுன்னு மேடம் உத்தரவு."

"அப்ப மடல்ல இல்லாததை நாங்க எங்க போய்க் கேக்குறது?"

"அடுத்த மடல்ல வரும்."

"விழா முடிஞ்ச பிறகா?"

"அது... ஆமாம்மா."

எல்லாரையும் போல அவளும் வழக்கமான இரண்டு மணியையே நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வைச் சக ஓட்டுநருக்குத் தாரை வார்த்து வெள்ளி மதியத்தை வாங்கிக்கொண்டாள்.

சீருடையோடு அவள் வந்து சேர்ந்தபோது அரங்கில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெற்றோர்கள் கூட்டம்.

"காலையிலேயே முடிஞ்சாச்சு" என்றார் முன்னுரை. "மடலைப் படிக்கிற பழக்கம் முதல்ல பெத்தவங்களுக்கு வரணும்."

"படிச்சோமே மேடம்" என்றார் ஒரு பேக்கரிக்காரர். "பூந்தோட்டம் முழுக்கச் சுத்தினோம். கடிகாரத்தை மட்டும் எங்கயும் பாக்கலை."

முன்னுரை ஒரு பிரதியைப் பிரித்துத் தேடினார். ரோஜாப் படத்தில் கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் மேலே நகர்ந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மடலை மடித்து எழுத்தரிடம் நீட்டினார், அது அவருடைய குற்றம் என்பதுபோல.

மேடை ஓரத்தில் பஞ்சு ஒட்டிய உடையில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வகுப்பு டீச்சர், களைத்துப்போய்.

"உங்க பொண்ணால நாடகமே முடியலைங்க. மழை பெய்யச் சொன்னா, அம்மா வரட்டும்ங்கிறா. விதையா நடிச்ச பிள்ளை பாவம், தாகமா இருக்கு, தாகமா இருக்குன்னு தொண்டை வத்தக் கத்துச்சு. விருந்தினர் வாட்சைப் பாத்துட்டு எழுந்து போயிட்டார்."

அம்மா மகளிடம் குனிந்தாள். "இன்னும் பெய்யலையாடி?"

"நீ ரெண்டு மணிக்குத்தானே வர்றேன்னே."

"இது ஒழுக்கக் குறைவு" என்றார் முன்னுரை. "இதைப் பத்தி அடுத்த மடல்ல எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க மேடம். பக்கத்துலயே மணியையும் போட்டுடுங்க" என்ற அம்மா, டீச்சரிடம் திரும்பினாள். "விதையைக் கூப்பிடுங்க."

யாரும் உத்தரவு போடாமலே நாற்காலிகள் மறுபடி விரிந்தன. நிறைந்த அரங்கையும் மைக்கையும் ஒன்றாகப் பார்த்ததும் முன்னுரைக்குக் கால் நிற்கவில்லை. நேரே மேடையின் நடுவுக்குப் போனார். "அன்பான பெற்றோர்களே, குழந்தையின் மனம்..."

"மேடம், நான் அங்கதான் பெய்யணும்" என்றது மேகம்.

"நனைஞ்சிடுவீங்க மேடம், ஓரமா வந்துடுங்க" என்று பேக்கரிக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் முன்னுரை ஓரத்துக்குப் போயிருந்தார். விதை தாகம் என்றது. மேகம் முதல் வரிசையில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து, அவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே, நீலக் காகிதத் துண்டுகளை இரண்டு கையாலும் வாரி இறைத்தது.