உறைந்த கோழிக்குக் காவல்

முதலாளி தங்களைக் கைகழுவிவிட்டான் என்பது டெல்ஃபினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. முதலில் ஏஜெண்ட் போனை எடுப்பதை நிறுத்தினான். அப்புறம் தண்ணீர்ப் படகு வரவில்லை. கடைசியில் கேப்டன் அப்ரெனிகா எல்லாரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனி திவாலாகிவிட்டது, துறைமுகம் உள்ளே விடாது, நங்கூரம் போட்ட இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான் என்றார். வளைகுடாக் கரையின் கட்டடங்கள் வெயிலில் பளபளத்தன. நீந்தியே போய்விடலாம் போலிருக்கும். ஆனால் விசா இல்லாமல் கால் வைத்தால் ஜெயில்.

டெல்ஃபின் கிமாராஸ் தீவுக்காரன், அந்தக் கப்பலின் எலக்ட்ரீஷியன். லாரி நீளக் கண்டெய்னர்களாக மேல்தளத்தில் அடுக்கியிருந்த குளிர்ப்பெட்டிகள்தான் அவன் பொறுப்பு. சிலவற்றில் ஆப்பிள். மற்றதெல்லாம் பாறை மாதிரி உறைந்த பிரேசில் கோழி. பெட்டிகள் உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சி விசிறி வழியாக வெளியே துப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரிசைகளுக்கு நடுவில் நடப்பது உலைக்குள் நடப்பது மாதிரி. காலையும் சாயங்காலமும் ஏணியில் ஏறி ஒவ்வொரு பெட்டியின் திரையையும் பார்த்துவருவான். மைனஸ் பதினெட்டு காட்ட வேண்டும். கொஞ்சம் ஏறியிருந்தாலும் அது இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டான்.

டீசல் குறையத் தொடங்கியதும் கேப்டன் சொன்னார்: "கேபின் ஏசிய நிறுத்திடு. விளக்கையும்தான். பெட்டிக்கு மட்டும் கரண்ட் போகட்டும்."

சமையல்காரன் ஒனோஃப்ரே பொங்கிவிட்டான். "நல்லாருக்கு கேப்டன்! செத்துப்போன கோழிக்கு ஏசி, உசிரோட இருக்கிற நமக்கு வேர்வையா?"

"நம்மளத் தேடி எவனும் வரமாட்டான், ஒனோஃப்ரே. கோழியத் தேடி ஒருத்தன் வருவான். அவன் வர்ற வரைக்கும் அது கெடக்கூடாது."

எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார்கள்.

டீசலை மிச்சம் பிடிக்க ஆப்பிள் பெட்டிகளை முதலில் அணைத்துப் பலி கொடுத்தார்கள். சில வாரங்களில் அவற்றின் அடியிலிருந்து பழுப்பாக ஒரு சாறு ஒழுகியது. புளித்த கள் வாடை. கழுவக் கழுவ ஈ மொய்த்தது. அப்போதும் பெட்டிக் கதவின் முத்திரைச் சீலை உடைக்கக் கேப்டன் சம்மதிக்கவில்லை. உடைத்தால் நாம் திருடர்கள் ஆகிவிடுவோம், வருகிறவனும் வரமாட்டான் என்றார்.

அரிசியும் தூண்டிலில் விழுந்த மீனுமாகப் பொழுது போயிற்று. ஒருநாள் ஒனோஃப்ரே ஏணியடியில் வந்து நின்றான்.

"குயா... அண்ணே, ஒரே ஒரு பெட்டி. ஒரே ஒரு அட்டப்பெட்டி. இஞ்சி தட்டிப் போட்டு எல்லாருக்கும் ஒரு கஞ்சி வைக்கிறேன். கேப்டனுக்குச் சொல்ல வேணாம்."

"மாட்டேன்."

"உன் அப்பன் வீட்டுக் கோழியா அது?"

"இல்ல. அதனாலதான் மாட்டேன்."

அதன் பிறகு கொஞ்ச நாள் ஒனோஃப்ரே அவன் தட்டில் சோறு போடும்போது கரண்டியை ஓங்கித் தட்டுவான், அவ்வளவுதான்.

கேப்டன் சொன்னது பலித்தது. ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இளம் வயது, பதவிசான பேச்சு. பின்னாலேயே டீசல் படகும் வந்தது. கோர்ட்டு கப்பலை முடக்கியிருக்கிறது, சரக்கை ஏலம் விடும், அதுவரை டீசல் தரும் என்றார். ஒரு பெட்டியைத் திறந்து கோழியில் வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டுப் புதுச் சீல் போட்டார். டெல்ஃபினின் தோளைத் தட்டினார். "பிரமாதமா காப்பாத்தியிருக்கீங்க."

பிறகு ஊருக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசித்தார். ஒனோஃப்ரே முதல் எல்லார் பெயரும் வந்தது. கேப்டன் பெயர் இல்லை. டெல்ஃபின் பெயரும் இல்லை.

"கப்பல்னா கேப்டன் இருக்கணும். ஓடுற குளிர்ப்பெட்டி இருந்தா எலக்ட்ரீஷியன் இருக்கணும். அதுதான் சட்டம்."

"எத்தன நாளைக்கு சார்?"

"அது கோர்ட்டுக்குத்தான் தெரியும்."

படகில் இறங்குமுன் ஒனோஃப்ரே அவனைக் கட்டிப்பிடித்தான். "இத்தன நாள் அத விடாமப் பாத்துக்கிட்டீல்ல குயா? இப்ப அது உன்ன விடமாட்டேங்குது பாரு." சிரித்துக்கொண்டே சொல்ல வந்தவன் பாதியில் அழுதுவிட்டான்.

அவ்வளவு பெரிய கப்பலில் இரண்டே பேர். கேப்டன் மேலே உட்கார்ந்து காகிதங்களுக்குப் பதில் எழுதுவார். டெல்ஃபின் ஏணியில் ஏறி இறங்குவான். கோர்ட்டில் தேதி மாற்றி மாற்றித் தள்ளிப்போட்டார்கள். காற்று வாகாக அடித்தால் போனில் சிக்னல் கிடைக்கும். எப்போது வருவாய் என்று கேட்பதை அவன் மனைவி லிகாயா விட்டுவிட்டாள். "சாப்பிட்டியா?" என்பதோடு சரி.

ஒரு பெட்டியின் கம்ப்ரெசர் நின்றுபோனது. செத்துக் கிடந்த ஆப்பிள் பெட்டியிலிருந்து கம்ப்ரெசரைக் கழற்றி இதில் மாட்டினான். முதுகு ஒடியும் வேலை. சாயங்காலம் விசிறி மறுபடி சுற்றியதும் அவனுக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே, தன் கதவைத் தானே இழுத்துப் பூட்டிக்கொண்டது புரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கடலில் வீசிவிட்டுத் தளத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

கேப்டன் அதை மேலிருந்து பார்த்திருக்க வேண்டும். இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிளக்கப் புடுங்கிடு."

"கேப்டன்?"

"எல்லாத்தையும். ஜெனரேட்டர் படுத்துக்கிச்சுன்னு நான் எழுதிக்கிறேன். ஓடுற பெட்டி இல்லன்னா நீ தேவையில்ல."

"உங்க மேல கேஸ் வரும்."

"ஏற்கெனவே மாட்டிக்கிட்டேன். இன்னொரு கேஸ் வந்தா இன்னொரு கேபினா கொடுக்கப்போறான்?"

"கேஸ விடுங்க. ஆப்பிளே அந்த நாத்தம் நாறிச்சு. இது கோழி, கேப்டன். இந்த வெயில்ல உருகி ஓடும். நீங்க இதுலதான் இருக்கணும்."

"எனக்கு மூக்கடைப்பு இருக்கு."

"பொய்."

"பொய்தான். புடுங்குடா."

அன்று அவன் புடுங்கவில்லை. மறுநாளும் வழக்கம்போல ஏணியை எடுத்துக்கொண்டு போனான். அங்கே கேப்டன் முதல் வரிசையில் நின்று, சுவிட்சை அணைக்காமலே ஒரு பிளக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். டெல்ஃபின் அலறினான்.

"ஐயோ, விடுங்க! தீப்பொறி அடிச்சு கை வெந்துடும்! மொதல்ல சுவிட்ச அணைக்கணும்!"

"எனக்குத் தெரியாதே. நான் எலக்ட்ரீஷியனா?" என்றார் கேப்டன்.

டெல்ஃபின் அவர் கையை விலக்கிவிட்டு, சுவிட்சை அணைத்து முறையாகப் பிளக்கைக் கழற்றினான். அப்புறம் அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு விசிறியாக நின்றது. கடைசி விசிறியும் நின்றபோது கப்பலின் வயிற்றில் அலை மோதுவது கேட்டது. எத்தனையோ மாதமாக அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்ததே இல்லை.

கேப்டன் தானே ஒரு பெட்டியின் சீலை வெட்டினார். ஒனோஃப்ரே விட்டுப்போன வினிகரையும் பூண்டையும் போட்டு, தங்கள் ஊர்க் கோழிக்குழம்பான அடோபோ சமைத்தார். புளிப்பு தூக்கலாக இருந்தது. இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

அதிகாரி வந்தபோது நாற்றம் படகுவரைக்கும் எட்டியிருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அணைந்து கிடந்த திரைகளைப் பார்த்தார். பிறகு இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "எலக்ட்ரீஷியன் இனி வேண்டாம். நீங்க வரலாம்" என்றார்.

டெல்ஃபின் கயிற்றேணியில் இறங்கும்போது அண்ணாந்து பார்த்தான். கேப்டன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கைகாட்டினார்.

ஊருக்கு வந்த பிறகும் டெல்ஃபினால் வீட்டோடு ஒட்ட முடியவில்லை. சந்தையில் கோழிக்கடைப் பக்கம் போகமாட்டான். ஞாயிறுதோறும் கேப்டனுக்குப் போன் போடுவான். "எப்படி இருக்கீங்க?" என்பான். "பழகிடுச்சு" என்பார் அவர். கேப்டனுக்குப் பழகவே இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரியும். "நீதான் வந்து சேர்ந்துட்டியே, இப்ப எதுக்கு இப்படி?" என்று லிகாயா கேட்டாள். அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

அடுத்த கோடையில் கப்பல் பழைய இரும்புக்கு ஏலம் போயிற்று. கேப்டனை விடுவித்தார்கள். டெல்ஃபின், அவர் வந்திறங்கும் இலோய்லோ விமான நிலையத்துக்கு ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனான். வெளியே வந்தவருக்குச் சட்டை தோளில் தொங்கியது. அவன் பையை வாங்கிக்கொண்டான். கேப்டன் முன் சீட்டில் ஏறி ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். மழை பெய்து ஓய்ந்திருந்த வயல்களின் வழியாக ஜீப் போயிற்று. அவர் தலையை வெளியே நீட்டி, தன் ஊர் வரும்வரை அந்தக் காற்றை மூக்கால் இழுத்துக்கொண்டே வந்தார்.