மேடத்துக்காகச் சொன்ன ரெண்டு

உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு முறை இந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். இந்த ஆண்டின் பாடம், தீராத வலிக்கு மனம்-உடல் பயிற்சிகள். கூடம் நிறைய மனநல ஆலோசகர்கள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். உடன் வேலை செய்பவர்கள் அவளைக் கடுகு என்பார்கள். உருவம் சிறியது, சூடு பட்டால் வெடிப்பாள். இன்று விடிந்ததுமே சூடு பட்டுவிட்டது.

அவள் தங்கை ஒரு பெரிய சலவைக் கூடத்தில் ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பைத் தொலைத்தவள். இன்று காலை கழிவறைக்குத் தவழ்ந்து போனாள். அவள் பாதி வழியில் இருக்கும்போதுதான் வலி சிகிச்சை மையத்திலிருந்து செய்தி வந்தது. நல்ல முன்னேற்றம் தெரிவதால் முதுகெலும்பு நிபுணரைப் பார்க்கக் குறித்திருந்த நாள் ரத்து செய்யப்படுகிறது, வீட்டிலேயே பயிற்சியைத் தொடரவும். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய நாள் அது.

எங்கேடி முன்னேற்றம் என்று கடுகு கத்தினாள். தங்கை தரையில் கிடந்தபடி சுவரைப் பார்த்துச் சொன்னாள். மையத்தில் பயிற்சி தரும் மேடம் ஒவ்வொரு வாரமும் கடைசியில், வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார். கேட்டுவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாவமா இருக்கும்க்கா. அவ்ளோ பொறுமையா சொல்லித் தர்றாங்க, எட்டுன்னு எப்படிச் சொல்றது? ஒண்ணொண்ணா கொறச்சு ரெண்டுல கொண்டாந்து விட்டேன்."

"எங்கிட்ட மூணுன்னு சொன்னியே?"

"நீ கேட்டா மூணு, அவங்க கேட்டா ரெண்டு. நம்ம பூனைதான் ஒண்ணும் கேக்காது. அதுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்."

கடுகுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த மேடம்தான் இன்றைய வகுப்பின் பயிற்சியாளர். ரத்தான நாளைத் திரும்ப வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

மூச்சுப் பயிற்சி முடிந்து திரையில் ஒரு கோடு வந்தது. பெயர் இல்லை. சலவைத் தொழிலாளி, இடுப்பு வலி. எட்டில் கிளம்பிய கோடு படி இறங்கி இரண்டில் சுகமாகப் படுத்துக்கொண்டது. கூடம் கை தட்டியது. பெற்ற பிள்ளையைக் காட்டுவது போலப் பயிற்சியாளர் அந்தக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தேநீர் இடைவேளையில் கடுகு அவரை மடக்கினாள். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நோயாளி சொல்வதைத்தான் எழுத முடியும், அவர் வலி அவரைவிட நமக்கு அதிகம் தெரியும் என்று நினைப்பதுதானே நம் தொழிலில் பெரிய தப்பு என்றார். இதே வாக்கியத்தைக் கடுகு எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள். 

"மூச்சுப் பயிற்சி ஏமாத்து வேலை இல்லம்மா" என்றார் பயிற்சியாளர்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல மேடம். அவளுக்குத் தூக்கம் வருது, நல்லதுதான். அதுக்காக எலும்பைப் பாக்க வேண்டாம்னு யார் சொன்னது?"

எட்டு என்று சொல்பவர்களே வரிசையில் நிற்கும்போது இரண்டு என்று சொன்னவரை எப்படி அனுப்புவது என்று கேட்டுவிட்டு அவர் மேடைக்குப் போய்விட்டார்.

மதியம் செய்முறை. மேசையில் ஒரு வாளி ஐஸ் தண்ணீர். கையை முக்கி எவ்வளவு வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், மூச்சுப் பயிற்சி செய்து மறுபடி முக்கிச் சொல்ல வேண்டும். போனவர்கள் எல்லாருக்கும் வலி இறங்கியது. பள்ளிக்கூட ஆலோசகர் ஒருவர் ஏழிலிருந்து மூன்றுக்கு வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு, கடுகின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மேசைக்கு அடியில் விரல்களைத் தொடையில் வைத்துத் தேய்த்தார்.

கடுகு எழுந்து போனாள். முதலில் எட்டு என்றாள். பயிற்சியாளரின் குரலுக்கு ஏற்ப உண்மையாகவே மூச்சு விட்டாள், தோள் இறங்கியது. கையை மறுபடி முக்கினாள்.

"இப்ப எவ்ளோம்மா?"

அந்த முகம் அவளை ஆசையோடு பார்த்தது. கூடமே பார்த்தது. கடுகின் நாக்கு நுனிக்கு ஐந்து என்ற எண் தானாக வந்து நின்றது. இவ்வளவு ஆத்திரத்தோடு வந்தவளுக்கே இப்படி என்றால், இடுப்பு ஒடிந்து, யாராவது அன்பாகப் பேச மாட்டார்களா என்று கிடப்பவள் என்ன செய்வாள்? வந்த எண்ணை விழுங்கினாள்.

"அந்தப் பக்கம் திரும்பி நின்னு கேளுங்க மேடம்."

யாரோ சிரித்தார்கள். என்ன விளையாட்டு இது என்றார் பயிற்சியாளர். கடுகு கையை எடுக்கவில்லை. விரல்கள் சிவந்துகொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் அவர் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று கேட்டார்.

"எட்டு. அப்படியே நில்லுங்க. சார், உங்களுக்கு நெஜமா எவ்ளோ?"

பள்ளிக்கூட ஆலோசகர் நெளிந்தார். பயிற்சியாளரின் முதுகைப் பார்த்தார்.

"ஏழுதான். மேடம் தப்பா நெனைக்கக் கூடாது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்து நின்றவர் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. திரும்பியதும் வகுப்பு முடிந்தது என்று மட்டும் சொன்னார்.

வாசலில், நாளைக்குத் தங்கையிடம் போனில் பேசுவதாகச் சொன்னார். போனெல்லாம் வேண்டாம், இப்போதே வாருங்கள் என்று கடுகு அவர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அதற்குமேல் அவர் மறுக்கவில்லை.

மேடத்தைக் கண்டதும் தங்கை பல்லைக் கடித்து எழுந்து உட்காரப் பார்த்தாள், சிரிக்கவும் சிரித்தாள். வலி எவ்வளவு என்று அவர் கேட்பதற்கு முன்பே ரெண்டுதான் மேடம் என்றாள். கடுகு ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டு அதில் அவரை உட்கார வைத்தாள்.

"இப்பக் கேளுங்க."

அவர் சுவரிடம் கேட்டார். தங்கை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பூனை எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"ஒம்பது" என்றாள் தங்கை.

"போன வாரம்?"

"அதுவும் ஒம்பதுதான். அதுக்கு முந்தியும்."

பயிற்சியாளர் திரும்பாமலே மையத்துக்குப் போன் போட்டார். அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், வரிசையின் கடைசியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் பதில் வந்தது. அவர் குரல் முதல் முறையாக உயர்ந்தது. தப்பு நோயாளியுடையது இல்லை, தன்னுடையது, அப்படியே தன் பெயரைப் போட்டு எழுதுங்கள், பெரிய டாக்டரிடம் லைனைக் கொடுங்கள் என்றார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார்.

தங்கை அக்காவின் கையைச் சுரண்டினாள்.

"பாவம்க்கா அவங்க."

"அந்தப் பாவத்தாலதான்டி நீ தவழ்ற" என்றாள் கடுகு. "வாயை மூடிட்டுப் படு."