செவுத்துல ஒட்டின சாவி

கச்சிராயபாளையம் உரக்கடைக்கும் கள்ளக்குறிச்சியில் இருக்கும் அதன் கிளைக்கும் விபிஎன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு ஊர் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருப்பதுபோலப் பேசிக்கொள்ளும், வெளியாள் நுழைய முடியாது. நான் தனியாகச் செய்த முதல் வேலை. இது ஒழுங்காக ஓடினால்தான் அடுத்த கடைக்காரர் என்னைக் கூப்பிடுவார்.

மறு வாரமே முதலாளி நாராயணசாமி போன் செய்தார்.

"இன்னாம்மா இலக்கியா, என் போன்ல அந்த விபிஎன்னு கட் ஆயி கட் ஆயி போவுது. இன்னா வேலை செஞ்ச நீ?"

பஸ் பிடித்து ஓடினேன். கல்லாவுக்கு மேலே, பணம் அனுப்பும் கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில், இன்னொரு கியூஆர் லேமினேஷனில் பளபளத்தது. அவர் போனில் விபிஎன் ஏற்றுவதற்காக நான் அனுப்பிய படம். கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் சாவியே அதுதான்.

"யாருக்கும் காட்டாதீங்கன்னு சொன்னேனே, இத ஏண்ணா ஒட்னீங்க?"

"கியூஆர்னா செவுத்துலதானம்மா ஒட்டுவாங்க?"

மூட்டை தூக்கும் அஜித்குமார் சிரித்தான். "விபிஎன்னு எழுதி இருந்துச்சா, நானும் ஏத்திக்கினேன். தடை பண்ண கேமு வரும்னு பாத்தா, த்தூ, யூரியா ஸ்டாக்குதான் வருது."

ஒரே சாவியில் இரண்டு போன். அதனால்தான் ஒன்று மற்றொன்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அட்டையைப் பிய்த்தெடுத்தேன். பழைய சாவியை அழித்து, புதியதை முதலாளியின் போனில் நானே ஏற்றினேன்.

"அந்தப் புதுப் படத்தையும் அனுப்பும்மா, இந்த வாட்டி ஃபிரேமே போட்டுடறேன்" என்றார்.

"என் போட்டோவ மாட்டி மாலை போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.