வீட்டில் கூப்பிடுகிற பேர்

திருமயத்தில் திருச்சி பஸ் புறப்படுகிற நேரம் பார்த்து பால்ராஜ் வாத்தியார் பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். ஜன்னலோரம் இருந்த ஸ்வீட்டி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பிளஸ் டூ படிக்கிற பெண். அம்மா அடுப்படியில் இருக்கும்போது ஸ்கூல் பையில் ரெண்டு சுடிதாரைத் திணித்துக்கொண்டு அரிமளத்திலிருந்து கிளம்பி வந்தவள். அப்பா இத்தனை சீக்கிரம் பிடித்துவிடுவார் என்று நினைக்கவில்லை.

"கண்ணு, ஸ்வீட்டி, எறங்கி வாம்மா" என்றார் அவர், படியில் ஏறி நின்று. மாதா கோயிலில் பைபிள் வாசிக்கிற அதே குரல். அந்தக் குரல் ஒரு நாளும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"சார் எவ்வளவு தன்மையா கூப்பிடுறாரு. எறங்கு பாப்பா" என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டு அம்மா அவள் பையை எடுத்து நீட்டினாள். இறங்கினால் என்ன நடக்கும் என்பது ஸ்வீட்டியின் முதுகுக்குத் தெரியும்.

முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை பேர் முன்னால் தனக்குக் குரல் வரும் என்று அவளே நினைக்கவில்லை.

"எறங்குறேம்ப்பா. வீட்டுல கூப்பிடுற பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அப்படி என்ன சார் செல்லப் பேரு?" கண்டக்டர் சிரித்தார்.

பால்ராஜ் வாயைத் திறந்தார். பஸ்ஸே அந்த வாயைப் பார்த்தது. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், ஒன்றும் வரவில்லை.

கண்டக்டரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. பக்கத்து சீட்டு அம்மா, நீட்டிய பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.