மான்செஸ்டரிலிருந்து ஒன்பது பயணங்கள்

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் வெங்கடாசலம் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் அமுதா பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறாள். ஆதாரில் பெயர் திருத்துவது, பட்டாவுக்கு விண்ணப்பம் போடுவது எல்லாம் உண்டு என்றாலும் ரயில் டிக்கெட்டில்தான் அவளுக்குப் பேர். எந்த ஊருக்குப் போய்ச் சாயங்காலமே திரும்ப வேண்டும் என்று கேட்டாலும், எதில் ஏறி எங்கே மாறுவது, அது தவறினால் அடுத்த வண்டி எது என்று திரையைப் பார்க்காமலே சொல்வாள். அவள் போன ஊர்கள் குறைவு. வேளாங்கண்ணிக்கு இரண்டு முறை போயிருக்கிறாள். சேலத்துக்கு அப்பாவின் ஆஸ்பத்திரி விஷயமாகப் பலமுறை.

பல வருடங்களுக்கு முன் அப்பா சவரிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. இரண்டு மூன்று சொற்கள்தான் வாயில் உருளும். அம்மா லூர்துமேரி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அப்பா விழுந்த அதே மாதம்தான் தங்கை பிளசிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை உறுதியாகி விசாவும் வந்தது. "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அமுதாதான் சொன்னாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பாவை என்ன செய்வது என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை கேட்டார்கள், பிறகு வரன் பேச்சையே விட்டுவிட்டார்கள். அமுதாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது.

ஜனவரியில் ஒருநாள் பிளசி மான்செஸ்டரிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, செப்டம்பர்ல நீ இங்க வா. மூணு வாரம் இரு."

"அப்பாவ யாரு பாக்கறது?"

"சித்திய வந்து இருக்கச் சொல்லு. மூணு வாரந்தான. இங்கிருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்ற எடம் நெறய இருக்குதாம், நானே ஒண்ணும் பாத்ததில்ல. ட்யூட்டி முடிஞ்சா படுக்கத்தான் தெம்பு. நீதான் ட்ரெயின்ல புலியாச்சே, நீயே ப்ளான் போட்டு வை. வாரத்துக்கு எனக்கு நாலு நாள் லீவு. ஒரு நாள் தூங்கிக்கறேன், மூணு நாள் சுத்தலாம்."

மூன்று வாரம், வாரத்துக்கு மூன்று நாள். ஒன்பது பயணங்கள். அமுதா அன்றைக்கே எண்ணிவிட்டாள்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் ஆள் வராது. அந்த நேரத்தில் மான்செஸ்டர் ரயில் நிலையத்தின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். எந்த நடைமேடைக்கு நிறைய நடக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. யார்க்குக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே ஊரைச் சுற்றி நிற்கும் பழைய மதில் மேலேயே நடக்கலாம். செஸ்டரிலும் மதில் உண்டு. அதனால் இரண்டையும் ஒரே வாரத்தில் வைக்கவில்லை. விண்டர்மியர் ஏரிக்கு வழியில் ஒரு வண்டி மாற வேண்டியிருக்கலாம். ஈடேல் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். முக்கால் மணி நேரம்தான். மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் போகும் ரயில் வெளியே வரும்போது நான்கு பக்கமும் பச்சையாகக் குன்றுகள் இருக்கும். யாரோ ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோவில் அந்த இடத்தை அவள் இருபது தடவையாவது பார்த்திருப்பாள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் மழை பெய்தால் என்ன செய்வது என்று தனியாக எழுதினாள். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று பிளசிக்குக் கால் வீங்குகிறது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல நடை வைக்கவில்லை. இடையிடையே உட்கார இடம் பார்த்து, 'அரை மணி நேரம் இங்கே உட்காரவும்' என்று போட்டாள். லிவர்பூலை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினாள். அங்கே வட்ட வடிவில் ஒரு கத்தோலிக்கப் பேராலயம் இருக்கிறது. காலைப் பூசை பார்த்துவிட்டு ஆற்றில் படகில் போகலாம். அந்தப் பக்கத்தின் அடியில், 'அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி' என்று எழுதினாள்.

மே மாதத்தில் முடித்தாள். பதினெட்டுப் பக்கம் வந்தது. பிளசிக்கு அனுப்பினாள். "சூப்பர்க்கா" என்று பதில் வந்தது, பக்கத்தில் நான்கு இதயங்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சித்தி வருவதாக ஒப்புக்கொண்டாள். வெங்கடாசலமும், "போயிட்டு வாம்மா, நீ ஒரு நாள் லீவு கேட்டு நான் பாத்ததில்ல" என்றார். பிளசி அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஜூனில் பிளசியின் மாமனார் மாமியார் ஒரு மாதத்துக்கு அங்கே போனார்கள். அவர்கள் திரும்பியதும் கடிதம் அனுப்புவதாகச் சொன்னாள்.

"அவங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனியா?" என்று அமுதா ஒருமுறை கேட்டாள்.

"இல்லக்கா. அத்தைக்கு முழங்கால் வலி. வூட்டுலயேதான் இருக்காங்க."

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அமுதா சமையலில் இருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. அல்போன்சும் ராஜமேரியும். பிளசியின் கணவன் ஃபிராங்க்ளினின் அப்பா அம்மா, தர்மபுரியில் இருக்கிறவர்கள். சாக்லேட் டப்பா ஒன்றும் அப்பாவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டரும் கொண்டுவந்திருந்தார்கள்.

"வாங்கத்த, வாங்க மாமா. கால் வலி இப்ப எப்படி இருக்குதுங்க?"

"அது கெடக்குது கண்ணு. ஆனா உன் தங்கச்சி மாதிரி மருமவ யாருக்கும் கெடைக்க மாட்டா. எனக்கு நோவு தெரியாம ஊரெல்லாம் காட்டிட்டா" என்றாள் ராஜமேரி. "ஒம்போது ஊரு. ஒரு எடத்துலயும் அவசரமில்ல. எங்க உக்காரணும், எங்க டீ குடிக்கணும், மழ வந்தா எங்க ஒதுங்கணும், எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தா. ட்யூட்டியும் பாத்துக்கிட்டு ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதிருக்கா, பாவம்."

கைப்பையிலிருந்து காகிதக் கற்றை ஒன்றை எடுத்து விரித்தாள். மழையில் நனைந்து காய்ந்ததில் ஓரங்கள் சுருண்டிருந்தன. முதல் பக்கத்தில் யார்க். அமுதா தலைப்புக்குப் போட்டிருந்த பச்சை நிறம்கூட மாறவில்லை.

அல்போன்ஸ் அதிகம் பேசுகிறவர் அல்ல. கட்டிலருகே நாற்காலியைப் போட்டு, செல்போனில் படங்களை ஒவ்வொன்றாகச் சவரிமுத்துவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மதில் மேல் ராஜமேரி. ஏரிக்கரையில் ராஜமேரி. ஈடேல் என்ற பலகைக்குக் கீழே இருவரும், நடுவில் பிளசி, சிரித்துக்கொண்டு.

"லிவர்பூல் கோயில்ல எனக்கு அழுகையே வந்துருச்சு. 'அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி'ன்னு இதுல எழுதியிருந்தா பாரு. எங்கம்மா செத்து இந்த வருசம் பத்து வருசம். நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல, எப்படித்தான் தெரிஞ்சுதோ. எங்கம்மா பேரச் சொல்லி ஏத்துனேன்."

அப்பா இடது கையைத் தூக்கினார். "அமு… அமு…" என்றார். கை அந்தக் காகிதத்தை நோக்கி நீண்டது. மாதக்கணக்கில் ஒவ்வொரு பயணத்தையும் அமுதா அவருக்குத்தான் படித்துக் காட்டியிருந்தாள்.

"அமுதாவையும் கூட்டிட்டுப் போகணும்ங்கறீங்களா? போவா, போவா. அவளுக்கும் ஒரு காலம் வரும்" என்றாள் ராஜமேரி.

அமுதா காப்பி போட உள்ளே போனாள். ஒரு சொல் சொன்னால் போதும் என்று தோன்றியது. சொன்னால் பிளசி மாமியார் வீட்டில் பொய்க்காரி ஆவாள். அதை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன பிறகு பிளசியைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"அத்தை வந்துட்டுப் போனாங்க. எல்லாத்தையும் காட்டுனாங்க."

பிளசி, "அவர் திடீர்னு அப்பா அம்மாவுக்கு ஊர் சுத்திக் காட்டணும்னுட்டாருக்கா. எனக்கு எங்க நேரம்? உன் ப்ளான் கையில இருந்துச்சு. அதுல ஒண்ணும் வீணாகலியே. நீ வந்தாலும் அதே எடம்தான்" என்றாள்.

"நான் எப்ப வர்றது?"

"அக்கா…"

"கடுதாசி எப்ப அனுப்புவே?"

"உனக்கு விசா கெடைக்காதுக்கா. கல்யாணம் ஆகல, சொத்து இல்ல, பெரிய வேலையும் இல்ல. நீ திரும்பிப் போவேன்னு விசா ஆபீஸ்ல நம்ப மாட்டாங்களாம். இங்க ரெண்டு மூணு பேரு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"அது இப்ப எதுக்குக்கா?"

"எப்ப சொன்னாங்க பிளசி?"

"பிப்ரவரியில."

மே வரைக்கும் உட்கார்ந்து எழுதியதை அமுதா நினைத்தாள். "அப்பறம் எதுக்குடி என்னைய எழுத விட்டே?"

"நீ சந்தோசமா இருந்தே. எத்தன வருசம் கழிச்சு நீ சிரிச்சுப் பேசுனே தெரியுமா? தெனம் போன் பண்ணி அந்த ஊரு, இந்த ரயிலுன்னு சொன்னே. எனக்குச் சொல்ல மனசு வரலக்கா. கொஞ்ச நாளாச்சும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பிளசி அழுதாள். அந்த அழுகை பொய் அல்ல என்று அமுதாவுக்குத் தெரிந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட அழுகைதான். அந்த அழுகைக்கு அவள் எப்போதும் ஏதாவது சொல்லி ஆற்றுவாள். இந்த முறை, "அப்பாவுக்குச் சாப்பாடு குடுக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் சித்திக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். வெங்கடாசலத்திடம், "லீவு வேண்டாங்க. விசா ஆகல" என்றாள். பிளசி வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். அமுதா போனை அப்பாவின் காதருகே வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள். அக்டோபரில் பிளசியே ஒரு செய்தி அனுப்பினாள். அவளுடன் வேலை செய்யும் நர்ஸின் அப்பா அம்மா கேரளாவிலிருந்து வருகிறார்கள், எடின்பரோவுக்குக் காலையில் போய் இரவு திரும்ப ஒரு ப்ளான் வேண்டும், முடியுமா என்று கேட்டிருந்தாள். இப்படிக் கேட்டால் அக்கா பழையபடி பேசுவாள் என்று நினைத்தாளோ என்னவோ. அமுதா பதில் எழுதவில்லை.

நவம்பரில் ஒரு மதியம் கடத்தூரிலிருந்து வயதான தம்பதி கடைக்கு வந்தார்கள். முனியப்பன் என்பவரும் அவர் மனைவியும். சென்னைக்கு இரண்டு டிக்கெட் வேண்டும், அங்கிருந்து விமானம்.

"எங்க போறீங்க?" என்று வெங்கடாசலம் கேட்டார்.

"பொண்ணு சசிகலா மான்செஸ்டர்ல இருக்கறா. அவ காலைல வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவா. ரெண்டு மாசம் நாங்க வூட்டுக்குள்ளயே என்ன பண்றதுன்னுதான் ரோசனையா இருக்குது. பக்கத்துல எங்கயாச்சும் ரயில்ல போயிட்டுப் பொழுதோட திரும்பற மாதிரி இருந்தா தேவல" என்றார் முனியப்பன்.

"அப்ப அமுதாவக் கேளுங்க. அந்த ஊரு அதுக்குத் தலகீழாத் தெரியும்."

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கிழவி பையிலிருந்து ஒரு பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றாள் அமுதா. "நான் போனதில்ல."

வெங்கடாசலம் அவளையே பார்த்தார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவால்ல கண்ணு. அங்க போயிப் பாத்துக்கறோம்" என்று கிழவி பேனாவை உள்ளே வைத்தாள்.

இருவருக்கும் கீழ்ப் படுக்கை கிடைக்கும்படி டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். கிழவர் டிக்கெட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பது கடையிலிருந்தே தெரிந்தது. ஈடேலுக்கு முக்கால் மணி நேரம்தான். ஸ்டேஷனிலிருந்து மெதுவாக நடந்தால் ஓடை வரும், உட்கார இடமும் இருக்கும். அந்த ஒன்றை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவர்கள் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்திருக்கவில்லை. கடத்தூர் பஸ் வந்து நின்றது. கிழவி கம்பியைப் பிடித்து முதலில் ஏறினாள், பின்னால் அவர் ஏறினார். பஸ் கிளம்பிப் போயிற்று.

"அடுத்து யாருங்க?" என்றாள் அமுதா. கடையில் வெங்கடாசலத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.