கெட்டிமேளம் இருக்கும் இடம்

பக்தவத்சலத்துக்கு 'ஐயோ' என்பது வார்த்தையே இல்லை, மூச்சு. காபி சூடாக இருந்தாலும் ஐயோ, ஆறிப்போனாலும் ஐயோ. படூரில் அவர்கள் ஃப்ளாட்டுக்கு எதிர் ஃப்ளாட் எங்களுடையது. மனிதர் வேலையிலிருந்து திரும்பிவிட்டார் என்பதை லிஃப்டிலிருந்து வரும் ஐயோவை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, மகள் ரோகிணிக்குக் கல்யாணம் கூடி வரும்வரை.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது ஒரு ஆப்பிள் உருண்டுவிட்டது. "ஐயோ" என்றார். செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை துர்காதேவி, தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி, நல்ல காரியத்துல பேசற பேச்சா இது? தாலி கட்டசொல்ல இந்த வார்த்தை என் காதுல வுழட்டும், எங்க புள்ளய மணையிலேர்ந்து எழுப்பி இட்டுகினு பூடுவேன்."

வெறும் மிரட்டல் இல்லை. தம்பி குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைத் தும்மலுக்காக நிறுத்தியவர். இது நான் தனியாக விசாரித்தது.

அன்றிலிருந்து பெண்ணின் அம்மா லோகநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே நம்பிக்கை கெட்டிமேளம். வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே தாலி கட்டும்போது அதைக் கொட்டி முழக்குகிறார்கள்? "எங்க வூட்டுக்காரர் வாயத் தொறந்தாலும் கேக்கக்கூடாது" என்று மேளக்காரரிடம் ஸ்பெஷலாகச் சொல்லி வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மேளக்காரர் போன் செய்தார். தவில்காரருக்குக் காய்ச்சல். பெரிய முகூர்த்த நாள், சுற்றுவட்டாரத்தில் ஒரு செட்டும் காலியில்லை.

"நான் கீறேன்ல அத்தை" என்றான் பிரவின்குமார். லோகநாயகியின் அண்ணன் மகன், ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை. நெட்டில் கல்யாண மேளம் ஒரே நீள வீடியோவாக இருக்கிறது, சடங்குகள் நடக்கும்போது அது பாட்டுக்கு ஓடும். ஐயர் கையைத் தூக்கியதும் இவன் போனில் ஒரு பட்டனைத் தொட்டால், இவன் எழுதிய புரோகிராம் வீடியோவைக் கெட்டிமேளம் இருக்கும் இடத்துக்கே நேராகத் தாவ வைத்துவிடும்.

"கெட்டிமேளத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கலாமே?" என்றேன்.

"அது மேனுவல், ஆன்ட்டி" என்றான். என்மேல் அவனுக்கு ரொம்ப இரக்கம்.

அவர்கள் வீட்டு ஹாலிலேயே ஒத்திகை. தொட்டான். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கும் சத்தம் வந்தது. இவன் நிமிஷத்தில் கொடுத்த கணக்கைப் புரோகிராம் நொடியாக எடுத்துக்கொண்டு, வீடியோவின் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டதாம்.

"ஐயோ" என்றார் பக்தவத்சலம், ஒரு கல்யாண மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

லோகநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் கணக்கைத் திருத்தினான். அதன் பிறகு தொட்டபோதெல்லாம் மேளம் பிளந்து கட்டியது. கீழேயிருந்து செக்யூரிட்டி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். லோகநாயகிக்கு மட்டும் போதவில்லை. "இன்னொரு வாட்டி தொடுடா. இன்னொரு வாட்டி."

மறுநாள் காலை திருப்போரூர் மண்டபத்தில் நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். காது போனாலும் பரவாயில்லை, மணமேடையும் துர்காதேவியின் முகமும் ஒன்றாகத் தெரிகிற இடம் அதுதான். லோகநாயகி கணவர் வாயில் கல்கண்டைத் திணித்து, மெல்லக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அவள் உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது, கண் பிரவின்குமாரின் விரலில்.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை ஜெயக்குமார் கையில் கொடுத்தார். கையைத் தூக்கினார். பிரவின்குமார் தொட்டான்.

ஓடிக்கொண்டிருந்த மேளமும் நின்றுபோனது. மண்டபமே அமைதி. பிறகு ஒரு ஆண் குரல், ரொம்பக் கனிவாக: "நாளைக்கே நீங்க இல்லாம..."

இன்சூரன்ஸ் விளம்பரம். வீட்டில் ஓட்டிப் பார்த்தது காசு கட்டின லாகினில், விளம்பரமே வராது. மண்டபத்துக் கம்ப்யூட்டரில் அதைப் போட மறந்துவிட்டான் மேதாவி.

"ஐயய்யோ!"

கல்கண்டு தெறித்து ஹோம குண்டத்தில் விழுந்தது. அப்படி ஒரு ஐயய்யோவை நானே கேட்டதில்லை. விளம்பரத்தின் மிச்சத்தை ஒருவரும் கவனிக்கவில்லை, அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பிவிட்டது.

துர்காதேவி எழுந்தார். ஜெயக்குமார் தாலியைப் பிடித்தபடி அத்தையைப் பார்த்தான். ஒரு முடிச்சுகூட விழவில்லை. ரோகிணி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னாடா பாத்துகினு கீற..." என்று ஆரம்பித்தார் துர்காதேவி.

அந்த நொடியில் பிரவின்குமார் விளம்பரத்தைத் தள்ளிவிட, பிளந்தது கெட்டிமேளம். அதற்கு மேல் துர்காதேவியின் வாய் அசைந்தது மட்டும்தான். 'எந்திரி' என்றுதான் சொன்னார், உதட்டைப் படித்தவள் சொல்கிறேன். ஜெயக்குமாரோ முதல் பாதியை வைத்துக்கொண்டு, 'கட்டேன்டா' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, மளமளவென்று முடிச்சைப் போட்டுவிட்டான். நிஜமாகவே காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தானா என்பதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அட்சதை பறந்தது, துர்காதேவியின் கொண்டையிலும் கொஞ்சம். மேளம் அடங்கியதும் மறுபடி வாயைத் திறந்தார். லோகநாயகி பிரவின்குமாரை ஒரு பார்வை பார்த்தாள். தொட்டான். மேளம் அதே இடத்துக்குத் தாவி, முதலிலிருந்து முழங்கியது. பந்தியில் இலை போடும்வரை அந்த அம்மாள் வாய் திறந்தபோதெல்லாம் கெட்டிமேளம்தான்.

இந்த வெள்ளிக்கிழமை துர்காதேவி படூருக்கு விருந்துக்கு வருகிறார். பிரவின்குமாரின் பட்டனை லோகநாயகி தன் போனிலேயே ஏற்றி வாங்கிக்கொண்டாள். நேற்று சாயங்காலம் முழுக்க எதிர் ஃப்ளாட்டில் மேளச் சத்தம், அது நிற்கும்போதெல்லாம் ஒரு ஐயோ.