எலும்புக்கூட்டுக்குப் பின்னால் ஒரு பீரியட்

"தினமும் ஒரு பீரியட் நேரமாவது, யாரும் தொந்தரவு பண்ணாத இடத்துல சும்மா உக்காருங்க டீச்சர். அடுத்த தடவை வரும்போதும் பிரஷர் இப்படியே இருந்தா, வேலையை விடச் சொல்லிடுவேன்" என்றார் டாக்டர்.

வேலையை விடுவதா? இத்தனை வருடம் கத்திக் கத்தி வளர்த்த தொண்டையை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன செய்வது? பேரரசுகள் எப்படிச் சரிந்தன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சும்மா உட்காருவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் முடியாது. என் கணவர் தங்கமான மனிதர். ஆனால் நான் கண்ணை மூடினால் போதும், "தூங்கிட்டியா?" என்று உலுக்கிக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் மிச்சமிருந்தது சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வரும் என் ஃப்ரீ பீரியட் மட்டும்தான்.

பெயர்தான் ஃப்ரீ. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பை ஃப்ரீயாக இருப்பவர் தலையில் கட்டிவிடுவார்கள். வகுப்பின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவது துணைத் தலைமையாசிரியரின் வேலை. அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சீட்டு சார். ஆசிரியர் அறையில் இருந்தால் சீட்டு வரும். நூலகத்துக்குப் போனால் அங்கேயும் வரும். ஒருமுறை பாத்ரூம் கதவுக்கு அடியில் நுழைந்து வந்தது.

எனவே உயிரியல் ஆய்வகத்தின் ஸ்டோர் ரூமைப் பிடித்தேன். மூலையில் எலும்புக்கூடு நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல், கையில் ஃபிளாஸ்க். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டீயைச் சூடாகக் குடித்தது அங்கேதான். சில நாட்கள் சொர்க்கம்.

அப்புறம் என் வாய் கெடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து வகுப்பில் ஒரே இரைச்சல். ஆசிரியர் இல்லை போலிருக்கிறது. நான் ஒளிந்திருக்கிறேன் என்பதே மறந்துபோய்ச் சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"அங்க என்ன சத்தம்?"

அதே நொடியில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கணக்கு சார் குரல்: "வாயை மூடுங்கடா!"

மேஜைக்கு அடியில் விசில் ஊதியது. பி.டி. மாஸ்டர். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தோம். அடுத்த நொடி இரும்பு பீரோ தானாகத் திறந்தது. உள்ளே, தவளை ஜாடிகளுக்கு நடுவில், தலைமையாசிரியை.

"சைலன்ஸ்!" என்றார் அவர். பிறகுதான் எங்களைக் கவனித்தார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே! அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. கைநிறையச் சீட்டோடு சீட்டு சார் வந்தார். நான் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் பதுங்கினேன். அவரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மேடம் என்னைத் தேடுறாங்க" என்றார்.

"நான் தேடல சார்" என்றது பீரோ.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனால் தலைமையாசிரியை லேசுப்பட்டவர் அல்ல. சேலையை உதறிக்கொண்டு கீழே இறங்கினார்.

"எல்லாரும் இருக்கீங்க, நல்லதாப் போச்சு. மீட்டிங்கை இங்கேயே முடிச்சிடலாம். ஆசிரியர்களோட டென்ஷனை எப்படிக் குறைக்கிறது? பேசுறதை யாராவது எழுதிக்கோங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் என் ஃபிளாஸ்க் கைமாறி பி.டி. மாஸ்டர் வாய்க்குப் போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எலும்புக்கூட்டின் கையைக் கழற்றி வீசியிருப்பேன்.

"பக்கத்து கிளாஸைப் பார்த்துட்டு வந்துடறேன் மேடம்" என்று சொல்லி நழுவினேன்.

பக்கத்து வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சுவரே பலகுரலில் திட்டியதும் பிள்ளைகள் அரண்டுபோயிருந்தார்கள். லீடர் பெண் சாக்பீஸோடு நின்றாள். கரும்பலகையில் பேசினவர்களின் பெயர்கள். நான் ஓசைப்படாமல் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றேன் பக்கத்துப் பெண்ணிடம்.

லீடர் திரும்பிப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. பட்டியலின் கடைசியில் 'டீச்சர்' என்று எழுதினாள்.

வாயைத் திறக்கப் போனேன். அப்போது வராந்தாவில் செருப்புச் சத்தம். சட்டென்று பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

"சரித்திர டீச்சர் வந்தாங்களா? மீட்டிங் நின்னு கிடக்கு" என்றது சீட்டு சாரின் குரல்.

கரும்பலகையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. லீடர் நகர்ந்து வந்து அதை முதுகால் மறைத்தபடி நின்றாள்.

"இந்தக் கிளாஸுக்கு யாரும் வரல சார். நாங்களே படிச்சுக்கிட்டிருக்கோம்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. நான் எழுந்தேன். அந்தப் பெண்ணை அள்ளிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்றேன்.

அவள் விரலை உதட்டில் வைத்து என்னை முறைத்தாள். பிறகு திரும்பி, என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

நான் கைகட்டி, வாயை மூடிக்கொண்டு, மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.